காலையில் மட்டும் வரும் அலாரம்: ஒரு சர்வோ டிரைவும் ஒரு மோட்டாரும்

மெஷினின் மோட்டாருக்கு வேண்டிய கரண்டை அளந்து கொடுத்து ஓட்டும் பெட்டிதான் சர்வோ டிரைவ். அதைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்த முறை டிரைவோடு ஒரு பாலிதீன் கவரும் என் மேசைக்கு வந்தது. உள்ளே கழற்றி எடுத்த பழைய பவர் மாட்யூல், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பகுதி. "போன தடவ இதத்தானுங்க மாத்துனாங்க. மாத்தி மூணு மாசங்கூட ஆவலீங்க, மறுபடியும் அதே அலாரம்" என்றார் பட்டறை முதலாளி. கோயம்புத்தூர் கணபதி பக்கம் பம்பு உதிரிகளுக்கு ஜாப் எடுத்துச் செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. இருப்பது ஒரே ஒரு விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளையில் உலோகத்தைக் கடையும் மெஷின். அது நின்றால் பட்டறையே நின்ற மாதிரி.

வந்தது ஸ்பின்டில் தலையை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சின் டிரைவ். 1 கிலோவாட், 200 வோல்ட் வகை. பேனலுக்குள் 415 வோல்ட்டை 220க்கு இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. மோட்டார் எட்டு துருவம் கொண்ட பிரஷ்லெஸ் மோட்டார், பின்னால் ஷாஃப்ட்டின் கோணத்தைச் சொல்லும் 2500 கோடு என்கோடர், உள்ளேயே பிரேக். சிஎன்சி கன்ட்ரோலரிலிருந்து வேகக் கட்டளை பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டாக வருகிறது. மெஷினுக்கு வயது 14. அலாரம் எண்ணைப் புத்தகத்தில் பார்த்தால் 'ஓவர்கரண்ட்' என்று ஒரே சொல்.

எந்த டிரைவ் வந்தாலும் திறப்பதற்கு முன் அதை ஓட்டுகிற பையனிடம் ஐந்து நிமிடமாவது பேசிவிடுவேன். மெஷினோடு நாள் முழுக்க நிற்கிறவனுக்குத் தெரிந்தது மீட்டருக்குத் தெரியாது. போன் போட்டேன்.

"காலையில மட்டும்தானுங்ணா அந்த அலாரம். சர்வோ ஆன் குடுத்த ஒடனே வந்துரும். ஏழெட்டு தடவ ரீசெட் போட்டா ஒரு தடவ எந்திரிக்கும். பத்து மணிக்கு மேல ஒண்ணுமே பண்ணாதுங்க."

"மார்கழி, தையில அதிகமா?"

"ஆமாங்ணா, அதனாலதான் ராத்திரி பேனலுக்குள்ள ஒரு நூறு வாட் பல்பு போட்டு வெச்சுட்டுப் போறேன். பல்பு போட்ட அன்னைக்குக் காலையில பிரச்சனையே இல்லீங்க."

பாதி வேலையை அந்தப் பையன் முடித்துவிட்டான். குளிரில் வந்து சூட்டில் மறையும் கோளாறு என்றால் என் கை முதலில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரைத்தான் தேடும். அதற்குள் இருப்பது திரவம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கப்பாசிட்டரின் திரவம் அப்படி உறைந்துவிடாது என்றாலும், குளிரில் அதற்குள் அயனிகள் நகர்வது மந்தமாகும். உள் தடை ஏறும். புதுசாக இருக்கும்போது அந்த ஏற்றம் யாருக்கும் தெரியாது. பல வருடம் சூட்டில் கிடந்து பாதி வற்றியதில் அது பூதாகரமாகத் தெரியும்.

இருந்தாலும் ஊகத்தை வைத்துக்கொண்டு சால்டரிங் அயனைத் தொடக்கூடாது. வரிசையாகப் பார்த்தேன்.

முதலில் மின்சாரம் வடிவது. 220 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் டிசி பஸ்ஸில் 311 வோல்ட் நிற்கும். இந்த டிரைவில் இரண்டு 820 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் பக்கவாட்டில் சேர்ந்திருக்கின்றன. கணக்குப் போட்டால் சுமார் 79 ஜூல். நெஞ்சுக்குக் குறுக்கே பாய்ந்தால் ஆளைச் சாய்க்கப் போதும். முகப்பில் 'சார்ஜ்' என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது அணைந்ததை மட்டும் நம்பிக் கையை விடாதீர்கள். எல்இடியே போயிருக்கலாம். பத்து நிமிடம் விட்டு, டிசி பஸ்ஸின் பிளஸ், மைனஸ் முனைகளான பி, என் இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்து, ஐந்து வோல்ட்டுக்குக் கீழே வந்தபிறகுதான் மூடியைக் கழற்றுவேன். மிச்சம் இருந்தால் இரண்டு 100 வாட் குண்டு பல்பை சீரியஸாக மாட்டி வடிப்பேன். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மாட்யூல். அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று முனைகள் யு, வி, டபிள்யூ. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை யு-விலும் கறுப்பை பி-யிலும் வைத்தால் மேல் டயோடு தெரியும். சிவப்பை என்-னிலும் கறுப்பை யு-விலும் வைத்தால் கீழ் டயோடு. இப்படியே வி, டபிள்யூ. ஆறு அளவும் 0.38, 0.39 என்று ஒன்றுபோல வந்தன. முனையை மாற்றிப் பிடித்தால் ஆறும் திறந்த நிலை. புது மாட்யூல் நன்றாகவே இருக்கிறது.

பிறகு அந்தக் கவரைப் பிரித்து, 'போய்விட்டது' என்று கழற்றப்பட்ட பழைய மாட்யூலையும் அதே மாதிரி அளந்தேன். அதே ஆறு அளவுகள். ஒரு சின்ன வித்தியாசம்கூட இல்லை. டயோடு சரியென்றால் மாட்யூல் முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாதுதான். உள்ளே கேட் டிரைவ் சர்க்கியூட் இருக்கிறது. ஆனாலும் 12, 13 ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றியவரை நினைத்து எனக்கு மனசு கனத்தது.

ஏன் மாற்றினார்கள் என்பதும் புரிந்துகொள்ள முடியாதது இல்லை. அலாரம் 'ஓவர்கரண்ட்' என்கிறது; கரண்ட் ஓடும் இடம் மாட்யூல்; ஆகவே மாட்யூல். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், நானும் பல வருடம் முன்பு இதே இடத்தில் வழுக்கியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த டிரைவில் இருப்பது வெறும் ஐஜிபிடி (பெரிய கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) இல்லை, ஐபிஎம். அதாவது ஆறு ஐஜிபிடியும் அவற்றை இயக்கும் கேட் டிரைவரும் காவல் சர்க்கியூட்டும் ஒரே பெட்டிக்குள். வேலை செய்ய அதற்கு நான்கு தனித்தனி 15 வோல்ட் சப்ளை வேண்டும்: மேல் வரிசை யு, வி, டபிள்யூ மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று, கீழ் வரிசை மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. மேல் வரிசையின் எமிட்டர்கள் மோட்டார் முனையோடு சேர்ந்து பூஜ்யத்துக்கும் 311 வோல்ட்டுக்கும் நடுவே குதித்துக்கொண்டே இருப்பதால் அவற்றுக்குப் பொதுவான சப்ளை கொடுக்க முடியாது. அந்த 15 வோல்ட் குறைந்தால் ஐஜிபிடி முழுதாகத் திறக்காது. அரைகுறையாகத் திறந்த நிலையில் கரண்ட் ஓடினால் சூடேறி வெடிக்கும். அதனால் சப்ளை சுமார் 12 வோல்ட்டுக்கு இறங்கினாலே ஐபிஎம் தன்னைத்தானே மூடிக்கொண்டு ஒரு ஃபால்ட் சிக்னல் அனுப்பும். ஷார்ட் சர்க்கியூட் ஆனாலும் அதே சிக்னல். உள்ளே சூடு மிஞ்சினாலும் அதே சிக்னல். இந்த போர்டில் தடம் பிடித்துப் போனேன்: நான்கு ஃபால்ட் முனைகளும் ஆப்டோகப்ளர் (சிக்னலை வெளிச்சமாக்கிக் கடத்தும் சிப்) வழியாக வந்து ஒரே கோட்டில் சேர்ந்து பிராசசரின் ஒரே காலுக்குப் போகின்றன. பிராசசருக்குத் தெரிவது 'மாட்யூல் ஏதோ சொல்கிறது' என்பது மட்டும். அதற்கு அது வைத்திருக்கும் ஒரே பெயர் ஓவர்கரண்ட்.

ஆக, அலாரம் ஓவர்கரண்ட் என்று சொன்னாலும் கரண்ட் ஏறியே இருக்க வேண்டியதில்லை. 15 வோல்ட் இறங்கியிருக்கலாம்.

போர்டை அன்று இரவு முழுக்க மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போய், மறுநாள் காலை ஆறு மணிக்கு என் பட்டறையைத் திறந்தேன். சுவர் தெர்மாமீட்டர் 19 டிகிரி. பேனல் குளிர்ந்து கிடக்கும் அதே சூழலில் அளக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. இந்த வகை டிரைவில் கன்ட்ரோல் பவர் தனி, மெயின் பவர் தனி. உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் (சின்னச் சப்ளைகளை உண்டாக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) கன்ட்ரோல் பவரில் ஓடுவதால், மெயின் கொடுக்காமலே, டிசி பஸ் காலியாக இருக்கும்போதே, அந்த நான்கு 15 வோல்ட் கேட் சப்ளைகளைப் பார்த்துவிடலாம்.

ஸ்கோப் வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்கோப்பின் கறுப்பு கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. டிரைவின் என் முனை எர்த் இல்லை. மெயின் ஓடும்போது கிளிப்பை என்-னில் கடித்துவிட்டால் ரெக்டிஃபையர் டயோடு வழியாக நேரே ஷார்ட். கிளிப்பும் தடமும் போய்விடும், நேரம் கெட்டால் கையும். எர்த்தைத் தொடாமல் இரண்டு முனைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக டிரைவுக்கு மின்சாரம் கொடுங்கள். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஸ்கோப்பின் உடம்பே 311 வோல்ட்டில் நிற்கும்.

மல்டிமீட்டரில் நான்கு சப்ளையும்: 14.6, 14.1, 14.5, 14.7. பார்த்தால் குறை சொல்ல முடியாது. இதைப் பார்த்துவிட்டு 'சப்ளை சரி' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஸ்கோப்பை வி பேஸின் மேல் சப்ளையில் வைத்தேன். எஸ்எம்பிஎஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மேலே ஊசிபோல ஒரு குத்து, அதை அடுத்து ஒரு பள்ளம். பள்ளத்தின் அடி 12.4 வோல்ட். சராசரி எடுக்கிற மல்டிமீட்டருக்கு இந்தப் பள்ளம் தெரியாது. இது சும்மா நிற்கும்போது உள்ள நிலை. சர்வோ ஆன் கொடுத்ததும் ஐஜிபிடிகள் ஓட ஆரம்பித்து இந்தச் சப்ளையிலிருந்து இன்னும் கரண்ட் இழுக்கும். அந்த நொடியில் 12க்குக் கீழே போய்விடும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த ஹேர் டிரையரால், இந்த நான்கு சப்ளைகளையும் சமன்படுத்தும் கப்பாசிட்டர் வரிசையில் மட்டும் சூடான காற்று அடித்தேன். ஸ்கோப் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளம் மெதுவாக மேலே எழும்பியது. 12.4, 12.8, 13.3. இரண்டு நிமிடத்தில் ஊசியும் பாதியாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பையன் போட்ட நூறு வாட் பல்பு ராத்திரி முழுக்கச் செய்த வேலை இதுதான். கண்ணெதிரே ஒரு காரணம் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நிமிடத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இனி கழற்றலாம். நான்கும் 47 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், சுண்டுவிரல் நகம் அளவு. ஹீட் சிங்க் விளிம்பிலிருந்து ஒரு விரல் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. சூடு அவற்றின்மீது போகாமல் வேறெங்கே போகும்? வி பேஸ் கப்பாசிட்டரின் காலில் சால்டரிங் அயன் பட்டதும் கருவாட்டு வாடை கிளம்பியது. எலக்ட்ரோலைட் கசிந்திருந்தால் வரும் வாடை அது, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. தூக்கிப் பார்த்தால் அடியில் பழுப்பாக ஒரு வட்டம், பக்கத்துத் தடத்தின் பச்சைப் பூச்சு மங்கி, செம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது.

உள் தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் நான்கும்: 6, 14, 9, 3 ஓம். புதுசில் இது அரை ஓம்கூட இருக்காது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 14 ஓம் காட்டிய அதே கப்பாசிட்டர் கொள்ளளவு மீட்டரில் 38 மைக்ரோஃபாரட் காட்டியது. கொள்ளளவை மட்டும் அளப்பவர் 'கண்டன்சர் பரவாயில்லை' என்று திரும்ப மாட்டிவிடுவார். அந்த மீட்டர் அளப்பது குறைந்த அதிர்வெண்ணில். எஸ்எம்பிஎஸ் அடிப்பது பல்லாயிரம் ஹெர்ட்ஸில். அங்கே ஆட்சி செய்வது உள் தடைதான்.

அரித்த தடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்து, கறுத்த செம்பைச் சுரண்டி, ஈயம் பூசினேன். எலக்ட்ரோலைட்டைத் துடைக்காமல் புதுக் கப்பாசிட்டரை வைத்தால், அடியில் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். புதியவை 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகை, 35 வோல்ட்டுக்குப் பதில் 50. எஸ்எம்பிஎஸ்ஸின் தொடக்கத்தில் இருக்கும் 22 மைக்ரோஃபாரட்டையும், 5 வோல்ட், 12 வோல்ட் வரிகளில் இருந்தவற்றையும் சேர்த்து மாற்றினேன். அதே வயது, அதே சூடு. ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். மொத்தம் ஒன்பது. விலை நூறு ரூபாயை எட்டியிருக்காது.

மாட்யூலுக்கு அடியில் இருந்த ஹீட் சிங்க் பேஸ்ட் தோசை மாவு ஊற்றின தடிமனுக்கு இருந்தது. அதைத் துடைத்து, அடியில் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசி, ஸ்குரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கினேன். ஃபேன் இறக்கைகளில் கூலன்ட் எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து களிமண்ணாக ஒட்டியிருந்தது. புது ஃபேன் போட்டேன்.

முதல் முறை மெயின் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்கவே மாட்டேன். மூன்று பேஸிலும் பேஸுக்கு ஒரு 100 வாட் குண்டு பல்பு சீரியஸாக. பஸ் கப்பாசிட்டர் நிரம்பும் வரை பல்புகள் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். நஷ்டம் பல்பு வெளிச்சத்தோடு நிற்கும், மாட்யூல் பிழைக்கும். அணைந்தது. பல்புகளை எடுத்துவிட்டு நேரடி மின்சாரம் கொடுத்து, என் மேசையில் இருக்கும் அதே வரிசை மோட்டாரை மாட்டி, முகப்பு பட்டனாலேயே ஓட்டிப் பார்த்தேன். 300 ஆர்பிஎம், 1000, 2000, முன்னும் பின்னும். வி பேஸ் சப்ளையின் பள்ளம் 14.5க்குக் கீழே இறங்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் அதே சோதனை. சர்வோ ஆன், அலாரம் இல்லை.

வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மெஷினில் மாட்டியபோது வேறு ஒன்று தெரிந்தது.

டிரைவின் முகப்பில் மானிட்டர் நிலைக்குப் போனால் முறுக்கு விசை எத்தனை சதவீதம் என்று காட்டும். டிரைவ் மாட்டியதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இசட் அச்சு நிற்கிறது, அசையவில்லை, ஸ்பின்டில் தலையைத் தாங்கிப் பிடிக்க மட்டும் மோட்டார் கரண்ட் எடுக்கிறது: 39 சதவீதம். எனக்கு உறுத்தியது. முதலாளியிடம் மெஷின் வந்த புதிதில் எழுதிய பராமரிப்பு நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது! மஞ்சளேறிய ஒரு நோட்டில், நிறுவிய அன்று யாரோ ஒரு நல்ல மனிதர் மூன்று அச்சுக்கும் எழுதி வைத்திருந்தார். இசட், நிற்கும்போது 26. தலையின் எடை மாறவில்லை. எதிர் எடை இல்லாத மெஷின். பிறகெப்படி 26 என்பது 39 ஆகும்?

மோட்டாரைத் தொட்டேன். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு.

"மோட்டாரை எப்பவாச்சும் கழட்டுனீங்களா?"

"போன சித்திரையில பேரிங் சத்தம் வந்துச்சுங்க. ரீவைண்டிங் கடையில குடுத்து பேரிங் மாத்துனோம். அதுல இருந்தே கொஞ்சம் சூடாத்தான் இருக்குதுங்க."

இண்டக்‌ஷன் மோட்டார் கழற்றி மாட்டுவதில் நம் ஊர்க் கைகளுக்கு இணை இல்லை. ஆனால் சர்வோ மோட்டார் வேறு இனம். இண்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டார் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ரோட்டாரில் ஒட்டியிருப்பது நியோடிமியம் காந்தம். அதன் வட துருவம் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது டிரைவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பழைய டிசி மோட்டாரில் அந்த வேலையைக் கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் செய்தன. பிரஷ்ஷை எடுத்துவிட்டோம், ஆகவே அந்தக் கடமை என்கோடரின் தலையில். பேரிங் மாற்ற என்கோடரைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட்டில் அது பழைய கோணத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குறி போடாமல் கழற்றினால் அந்தக் கோணம் போயே போய்விட்டது.

டிஜிட்டல் டிரைவ் உள்ளே செய்வது அழகான கணக்கு. மூன்று பேஸ் கரண்டில் இரண்டை அளக்கிறது. மூன்றும் கூடினால் பூஜ்யம் என்பதால் மூன்றாவது தானாகத் தெரியும். மூன்றையும் இரண்டாக மாற்றுவது கிளார்க் மாற்றம். அந்த இரண்டையும், சுற்றும் ரோட்டாரின் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதுபோல மாற்றுவது பார்க் மாற்றம். எடித் கிளார்க், ராபர்ட் பார்க் இருவருமே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர்கள். பார்க்கின் கட்டுரை 1929ஆம் வருடத்தது, பெரிய சிங்க்ரனஸ் ஜெனரேட்டர்களின் கணக்குக்காக எழுதியது. காகிதத்தில் போட்ட அந்தக் கணக்கை இன்று விரல் நகம் அளவு சிப் ஒன்று ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை போடுகிறது. ரோட்டாரின் முதுகிலிருந்து பார்த்தால், ஆடிக்கொண்டே இருந்த ஏசி கரண்ட் அசையாத இரண்டு எண்களாகிவிடும். ஒன்று காந்தத்தின் திசையிலேயே இருப்பது, அதனால் முறுக்கு விசை இல்லை. இன்னொன்று அதற்கு நேர் செங்குத்தில் இருப்பது, முறுக்கு விசை முழுக்க அதிலிருந்துதான். முதலாவதைப் பூஜ்யத்தில் நிறுத்தி இரண்டாவதை மட்டும் ஏற்றி இறக்குவதுதான் டிரைவின் வேலை.

எல்லாம் அந்த ஒரு கோணத்தை நம்பி இருக்கிறது. எட்டு துருவம் என்றால் நான்கு ஜோடி. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கரண்ட் நான்கு சுற்று முடித்துவிடும். ஷாஃப்ட் ஒரு டிகிரி தப்பினால் மின் கோணம் நான்கு டிகிரி தப்பும். முறுக்கு விசை அந்தத் தப்பின் கொசைன் அளவுக்குக் குறையும். 90 டிகிரி மின் கோணம் தப்பினால், அதாவது ஷாஃப்ட்டில் வெறும் 22.5 டிகிரி, எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் மோட்டார் அசையாது. அதையும் தாண்டினால் கட்டளைக்கு எதிர்ப்பக்கம் பாயும்.

26ஐ 39ஆல் வகுத்தால் 0.67. அது சுமார் 48 டிகிரியின் கொசைன். நான்கால் வகுத்தால் ஷாஃப்ட்டில் 12 டிகிரி. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே காகிதத்தில் இந்த எண்ணை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

செங்குத்து அச்சின் மோட்டாரைக் கழற்றும் முன் ஒரு வேலை கட்டாயம். பிரேக் மோட்டாருக்குள் இருக்கிறது. மோட்டார் போனால் பிரேக்கும் போச்சு, ஸ்பின்டில் தலை மொத்தமாகக் கீழே வரும். மேசையின் மேல் கனமான மரக்கட்டை வைத்து, தலையை அதன்மேல் இறக்கி உட்கார வைத்த பிறகுதான் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தோம்.

என் மேசையில் முதலில் யாரும் கை வைக்காத என் மோட்டாரின் நிலையைப் பார்த்தேன். டிரைவ் இல்லாமல் மோட்டாரை மட்டும், பேட்டரி டிரில்லை ஷாஃப்ட்டில் கவ்வி சுழற்றினால் அதுவே ஜெனரேட்டராகும். ஸ்கோப்பின் ஒரு சேனலில் யு, வி முனைகளின் நடுவே வரும் மின்னழுத்தம். இன்னொரு சேனலில் என்கோடரின் யு சிக்னல், அதாவது காந்தத் துருவம் எங்கே இருக்கிறது என்று டிரைவுக்குச் சொல்லும் சிக்னல். என்கோடருக்குத் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும். அந்த மோட்டாரில், மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடந்து மேலே ஏறும் அதே இடத்தில் யு சிக்னலும் எழும்பியது, கோட்டின்மேல் கோடு. இந்த வரிசைக்கு இதுதான் சரியான நிலை என்று படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு வரிசையில் வேறு மாதிரி இருக்கலாம், அதனால் எப்போதும் நல்ல மோட்டார் ஒன்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

இப்போது இசட் மோட்டார். பிரேக்குக்கு 24 வோல்ட் கொடுத்து விடுவித்து, டிரில்லால் சுழற்றினேன். ஒரு மின் சுற்றுக்கு 30 மில்லிசெகண்ட், அதாவது சுமார் 500 ஆர்பிஎம். யு சிக்னல் தள்ளி நின்றது 4 மில்லிசெகண்ட். 4ஐ 30ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 48 டிகிரி. பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்கோடரைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூன்று சின்ன ஸ்குரூக்களைத் தளர்த்தி, உடம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முதலில் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் 12 டிகிரி திருப்பினால் 96 டிகிரி மின் கோணமாகி மோட்டார் எதிர்ப்பக்கம் பாயும். திருப்பு, டிரில் சுற்று, ஸ்கோப் பார், மறுபடி திருப்பு. ஏழாவது முறையில் வித்தியாசம் 0.2 மில்லிசெகண்டுக்குள் வந்தது. சுமார் இரண்டரை டிகிரி மின் கோணம், கொசைன் 0.999. இதற்கு மேல் துரத்துவதில் பயனில்லை. ஸ்குரூக்களை இறுக்கி, இறுக்கும்போது நகர்ந்ததா என்று இன்னொரு தடவை பார்த்து, பெயின்ட் மார்க்கரால் உடம்பிலும் மூடியிலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். அடுத்து கழற்றப்போகிறவருக்காக.

உறுதி செய்ய இன்னொரு வழியும் பார்த்தேன். பெஞ்ச் சப்ளையில் 3 ஆம்பியர் லிமிட் வைத்து, யு-வில் பிளஸ், வி-யும் டபிள்யூவும் சேர்ந்து மைனஸ் கொடுத்தால் ரோட்டார் சட்டென்று ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரு சுற்றில் இப்படி நான்கு இடம் உண்டு. யு சிக்னல் நான்கிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஆனால் என்கோடரின் இசட் பல்ஸ் (பெயர்தான் இசட், அச்சோடு சம்பந்தமில்லை) சுற்றுக்கு ஒன்றுதான், அது நான்கில் ஒரே ஒரு இடத்தின் பக்கத்தில்தான் வரும். என் மோட்டாரில் எவ்வளவு தள்ளி வருகிறதோ அதே அளவு இதிலும் வந்தது. எண்ணெய் சீலின் உராய்வால் பூட்டும் இடம் ஓரிரு டிகிரி பிசகும். அதனால் இந்த முறையை ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன், கோணம் வைப்பதற்கு ஸ்கோப்தான்.

மெஷினில் மாட்டி, மரக்கட்டையை எடுக்காமலே சர்வோ ஆன். தலை துளிக்கூட இறங்கவில்லை. மானிட்டர்: 27. கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் சூடு பாதிக்கும் கீழே போகும், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பிடித்துப் போவது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமலே நிற்க முடிந்தது. சித்திரையிலிருந்து அதே அதிகக் கரண்ட் டிரைவ் வழியாகவும் ஓடியதால் பேனலுக்குள்ளும் சூடு ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. வற்றிக்கொண்டிருந்ததை இது அவசரப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இசட் நிற்கும்போது மெல்லிய ஊங்காரம், விரல் வைத்தால் கூசும். சித்திரைக்குப் பிறகு யாரோ வேக கெயினை, அதாவது வேகப் பிசகுக்கு டிரைவ் எவ்வளவு கடுமையாகப் பதில் கொடுக்க வேண்டும் என்ற அளவை, ஏற்றி வைத்திருக்கிறார்கள். முறுக்கு விசை குறைந்த மோட்டார் மந்தமாக நடந்திருக்கும், அதை ஈடுகட்ட ஏற்றியிருப்பார்கள். இப்போது முழு விசை வந்ததும் அதே கெயின் அதிகமாகிவிட்டது. செங்குத்து அச்சில் ஆட்டோ டியூனிங் போட எனக்குத் துணிவில்லை. அது மோட்டாரை இப்படியும் அப்படியும் பல சுற்று வீசிப் பார்க்கும். கையால் ஐந்து ஐந்தாகக் குறைத்தேன். ஊங்காரம் நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கீழே வைத்து, டயல் கேஜ் மாட்டி 0.01 மில்லிமீட்டர் அடிகளாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் முள் தவறாமல் ஒரு கோடு நகர்ந்தது. பிறகு எல்லாப் பாராமீட்டரையும், 5 இலக்கத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த மஞ்சளேறிய நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். பேரிங் மாற்றியது, என்கோடர் கோணம் வைத்தது, 27 சதவீதம், எல்லாம்.

மூன்றாம் நாள் காலை 6:40க்குப் பையனிடமிருந்து போன்.

"பல்பு போடாம விட்டேனுங்ணா. ஒரே தடவையில எந்திரிச்சிருச்சு."

எக்ஸ், ஒய் டிரைவ்களும் அதே வயது, அதே பேனல். மின்சாரம் வடித்துவிட்டு அங்கேயே அவற்றின் கேட் சப்ளைக் கப்பாசிட்டர்களை ஈஎஸ்ஆர் மீட்டரால் போர்டிலேயே வைத்து அளந்தேன்: எக்ஸில் அதிகபட்சம் 5 ஓம், ஒய்யில் 7. இன்னும் அலாரம் வரவில்லை. வரும் ஞாயிறு இரண்டையும் கழற்றிக்கொண்டு வருகிறேன்.